விளங்கும்வரை விடாதவர்: சத்யேந்திரநாத் போஸ்

குவாண்டம் பௌதிகத்தை முதன்முதலாகக் கற்கப் புகும் மாணவரிடம் பொதுவான குறை ஒன்று உண்டு. கணக்குப் போட்டால் விடை வருகிறது. தேர்வில் மதிப்பெண்ணும் கிடைக்கிறது. ஆனால் பொருள் மட்டும் விளங்கவில்லை. தமிழகத்தை விட்டு நெடுந்தொலைவு வந்து, பழகாத மொழிகளின் நடுவே ஆங்கிலத்தில் பாடம் கேட்கும் நம்மவர்க்கு இக்குறை இரு மடங்காகத் தோன்றும். விளங்காதது மொழியா, பொருளா, அல்லது தம் அறிவுதான் குறைவுடையதா என்று பிரித்தறிய முடியாமல், வகுப்பின் பின்வரிசையில் வாய் திறவாது அமர்ந்திருப்பவர் பலர். இத்துறை தமக்கு ஏற்றதன்று என்று முடிவு கட்டி, விருப்பமில்லாத வேறு பாடத்திற்கு மாறிச் சென்றவர்களையும் நான் அறிவேன்.

அத்தகைய நண்பர்களுக்காக ஒருவருடைய வரலாற்றை இங்கு எழுத விரும்புகிறேன். போஸ்-ஐன்ஸ்டீன் புள்ளியியல் என்றும், போசான் என்றும் நம் பாடநூல்கள் அவர் பெயரைப் பக்கந்தோறும் சொல்லுகின்றன. பெயரை நாம் அறிவோம், மனிதரை அறியோம். நம்மை வருத்தும் அதே பாடத்தில், பாடநூலின் அதே பக்கத்தில் இடறி நின்றவர் அவர். ஆனால் இடறிய இடத்தை விட்டு அவர் ஓடிவிடவில்லை. அங்கேயே நின்று, தம் காலை இடறிய கல் எது என்று குனிந்து பார்த்தார். அவருடைய வாழ்க்கையில் நாம் கற்க வேண்டியது பெரிதும் இதுவே.

இளமையும் கல்வியும்

சத்யேந்திரநாத் போஸ் 1894-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் நாள் கல்கத்தா நகரில் பிறந்தார். தந்தையார் சுரேந்திரநாத் கிழக்கிந்திய ரயில்வேயில் பணியாற்றியவர். தாயார் அமோதினி தேவி. அவர்களுடைய ஏழு மக்களுள் சத்யேந்திரரே மூத்தவர். பின்வந்த அறுவரும் பெண்கள். நடுத்தரக் குடும்பம், செல்வம் இல்லை, கல்வியில் பற்று இருந்தது. மகன் சிறுவனாக இருந்தபோது, வேலைக்குப் புறப்படுமுன் தந்தையார் தரையில் கணக்குகளை எழுதி வைத்துச் செல்வார் என்றும், அவர் திரும்புமுன் மகன் அவற்றைச் செய்து முடித்திருப்பான் என்றும் கூறுவர்.

1907-இல் அவர் இந்துப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே கணித ஆசிரியர் ஒருவர், ஒரே கணக்கைப் பல வழிகளில் செய்திருந்த இவருடைய விடைத்தாளைக் கண்டு, நூற்றுக்கு நூற்றுப்பத்து மதிப்பெண் இட்டார் என்ற செய்தி வங்கத்தில் இன்றும் வழங்குகிறது. ஒரு விடையைக் கண்டபின் நின்றுவிடாமல், அதே விடைக்கு வேறு வழி உண்டா என்று தேடுவது இளமையிலேயே அவருக்கு வாய்த்த இயல்பு என்பதற்கு இது சான்று. பிற்காலத்தில் அவருக்குப் புகழ் தந்ததும், ஏற்கெனவே உலகறிந்த விடை ஒன்றுக்கு அவர் கண்ட வேறொரு வழியே என்பதை நாம் காண்போம்.

1909-இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். ஜகதீச சந்திர போஸும் பிரபுல்ல சந்திர ராயும் அங்கு ஆசிரியர்கள். உடன் பயின்றவர்களுள் ஒருவர் மேகநாத் சாகா. டாக்காவிற்கு அருகிலுள்ள சிற்றூரில், சிறு கடை வைத்துப் பிழைத்த வறிய குடும்பத்தில் பிறந்து, உதவித்தொகையைக் கொண்டே படித்து முன்னேறியவர் சாகா. 1913-இல் பி.எஸ்ஸி. தேர்விலும், 1915-இல் எம்.எஸ்ஸி. தேர்விலும் போஸ் முதலிடம், சாகா இரண்டாமிடம். போட்டியாளராக இருந்த இருவரும் வாழ்நாள் நண்பராகவும் இருந்தனர் என்பது இருவருக்குமே பெருமை. எம்.எஸ்ஸி. முடிப்பதற்கு முன்பே, 1914-இல், உஷாவதி என்னும் நங்கையை மணந்தார் போஸ்.

முதல் வகுப்பில் முதலாமவராகத் தேறியும் உடனே வேலை கிடைத்துவிடவில்லை. தனிப்பாடம் சொல்லிக்கொடுத்துச் சில காலம் கழித்தார். பட்டம் பெற்ற பின் என்ன செய்வது என்ற கவலை நமக்கு மட்டும் புதிதாக வந்ததன்று!

நூல் தேடிய காலம்

அக்காலத்தில் கல்கத்தாப் பல்கலைக் கழகத்தை நடத்தியவர் சர் அசுதோஷ் முகர்ஜி. தாரகநாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் என்னும் இரு வழக்கறிஞர்கள் வாரி வழங்கிய பொருளைக் கொண்டு அவர் விஞ்ஞானக் கல்லூரி ஒன்றை அமைத்தார். போஸையும் சாகாவையும் விரிவுரையாளர்களாக அங்கே அமர்த்தினார். அக்கல்லூரியிலேதான் 1917-இல் நம் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன் பாலித் பேராசிரியராகப் பொறுப்பேற்றார்.

இளைஞர் இருவருக்கும் இட்ட பணி எளிதன்று. அவர்கள் படித்தது கணிதம். நடத்த வேண்டியதோ புதிய பௌதிகம். ஐரோப்பாவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்திருந்த குவாண்டம் கொள்கை, சார்புக் கொள்கை ஆகிய இரண்டையும் சொல்லித்தருவதற்கு இந்நாட்டில் அவற்றைப் படித்தறிந்த ஆசிரியர் அரியர், நூலும் அரிது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபடியால் ஜெர்மனியிலிருந்து புத்தகமும் சஞ்சிகையும் வருவது நின்றுபோயிருந்தது. குவாண்டத்தைக் கற்கும் பொறுப்புச் சாகாவுக்கும், சார்புக் கொள்கையைக் கற்கும் பொறுப்புப் போஸுக்கும் பங்காயிற்று.

அப்போது சிப்பூர் பொறியியல் கல்லூரியில் புரூல் என்னும் ஐரோப்பியர் ஒருவர் ஆசிரியராக இருந்தார். தாவரவியலில் ஈடுபட்ட அவரிடம், வியக்கத்தக்க முறையில், ஜெர்மன் பௌதிக நூல்களின் நல்ல தொகுதி ஒன்று இருந்தது. நண்பர்கள் அவரிடம் சென்று நூல்களை இரவல் வாங்கினர். நூல்கள் ஜெர்மன் மொழியில் இருந்தன; ஆகவே ஜெர்மன் கற்றனர். போஸ் பிரெஞ்சும் கற்றார். தமக்கு விளங்கிய அளவில் மாணவர்க்குச் சொல்லிக்கொடுத்தனர். 1920-இல் ஐன்ஸ்டீன், மின்கௌஸ்கி ஆகியோரின் சார்புக் கொள்கைக் கட்டுரைகளை இவ்விருவரும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, மகலனோபிஸ் முன்னுரை எழுத, கல்கத்தாப் பல்கலைக் கழகம் அதனை நூலாக வெளியிட்டது.

ஆசிரியரிடம் பாடம் கேளாமல், நூலிடமே பாடம் கேட்டுத் தேர்ந்தவர் போஸ். இது ஒரு குறை என்று சொல்லலாம். ஆனால் இதில் ஒரு நன்மையும் விளைந்தது. பெரியவர் ஒருவர் எதிரே நின்று, இது இப்படித்தான் என்று அடித்துச் சொல்லும்போது நம் ஐயங்கள் அடங்கிவிடுகின்றன. தாளோடு தனித்திருப்பவனுக்கு அந்த அச்சம் இல்லை. வரிக்கு வரி, ஏன் என்று அவன் கேட்கலாம். போஸ் கேட்டார்.

இடறிய இடம்

1921-இல் டாக்காவில் புதிய பல்கலைக் கழகம் தோன்றியது. போஸ் பௌதிகத்தில் ரீடராக அங்குச் சென்றார். இப்போது குவாண்டம் பாடமும் அவர் பொறுப்பில் வந்தது. எம்.எஸ்ஸி. மாணவர்க்குப் பிளாங்கின் கதிர்வீச்சு விதியை விளக்கவேண்டிய கட்டம் வந்தபோதுதான், தமக்கே அது விளங்கவில்லை என்பது அவருக்குத் தெளிவாயிற்று.

அந்த விதி யாது? கொல்லன் உலையில் இரும்பைக் காய்ச்சும்போது அது முதலில் மங்கிய சிவப்பாகவும், பிறகு மஞ்சளாகவும், மேலும் காய்ச்சினால் வெண்மையாகவும் ஒளிர்வதைக் கண்டிருக்கிறோம். சூடான பொருள் எந்த நிறத்தில் எவ்வளவு ஒளியை வீசுகிறது என்பதைப் பழைய பௌதிகத்தால் கணக்கிட முடியவில்லை. கணக்கிட்டால், அதிர்வெண் மிக மிக ஒளியின் சக்தி எல்லையின்றிப் பெருக வேண்டும் என்று விடை வந்தது. அப்படியானால் அடுப்பங்கரையில் நிற்பவர் எவரும் உயிர் பிழைக்க முடியாது! 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 14-ஆம் நாள் பெர்லினில் மாக்ஸ் பிளாங்க் ஒரு வழி கூறினார். சக்தி நீரோட்டம்போல் இடைவிடாமல் கொடுக்கப்படுவதில்லை. நாணயம்போல் துண்டு துண்டாகவே கொடுக்கப்படுகிறது. ஒரு துண்டின் அளவு, அதிர்வெண்ணை ஒரு மாறிலியால் பெருக்கியதற்குச் சமம் என்றார். அந்த மாறிலிக்கு இன்று அவர் பெயரையே வழங்குகிறோம். அவர் தந்த சூத்திரம் சோதனையோடு அப்படியே ஒத்தது.

சூத்திரம் சரி. அதனைப் பெற்ற வழியில்தான் இடர் இருந்தது. பாடநூலைத் திறந்து பாருங்கள்: பிளாங்கின் சூத்திரம் இரண்டு பகுதிகளின் பெருக்குத்தொகை. முதற்பகுதி, ஒரு பெட்டிக்குள் எத்தனை வகையான ஒளியலைகள் நிற்க முடியும் என்ற எண்ணிக்கை. இது மாக்ஸ்வெல்லின் அலைக் கொள்கையிலிருந்து வருவது. அங்கே சக்தி இடையறாதது. இரண்டாம் பகுதி, ஒவ்வொரு வகைக்கும் சராசரியாக எவ்வளவு சக்தி என்பது. இது குவாண்டம் கொள்கையிலிருந்து வருவது. அங்கே சக்தி துண்டு துண்டானது. அதாவது, முதற்பகுதி மெய் என்று கொள்ளும் ஒன்றை இரண்டாம் பகுதி பொய் என்கிறது. பிறகு இரண்டையும் பெருக்கி ஒரே விடை என்று எழுதுகிறோம். ஒரே வழக்கில் இரு கட்சிக்கும் ஒருவரே சாட்சி சொல்வது போன்றதன்றோ இது!

இந்த முரண்பாட்டைக் காணாமல் வரிகளை மனப்பாடம் செய்பவனுக்கு ஓர் இடரும் இல்லை. கண்டவனுக்குத்தான் தொல்லை. ஆகவே, குவாண்டத்தின் முதற்பாடத்தில் குழம்புகின்ற மாணவன் அறிவிற் குறைந்தவன் என்று எவரும் கருத வேண்டா. கூர்ந்து படித்தவனாகவே அவன் இருக்கக்கூடும். ஐன்ஸ்டீன் 1917-இல் வேறொரு வழியில் இச்சூத்திரத்தைப் பெற்றார். அது அழகிய வழி. எனினும் அதுவும் ஓரிடத்தில் பழைய பௌதிகத்திலிருந்து கடன் வாங்கியது. பிறருடைய வழிகளும் அத்தகையனவே. கால் நூற்றாண்டாக மேதைகள் இதனைச் சுற்றி வந்துகொண்டிருந்தனர்.

வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கு இங்கே எளிய வழி ஒன்று உண்டு. சூத்திரத்தை எழுதிப்போட்டு, அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடலாம். தேர்வில் கேட்கப்போவதும் அவ்வளவுதான். போஸ் அவ்வாறு செல்லவில்லை. தமக்கு நிறைவு தராத ஒன்றை மாணவர்க்கு நிறைவுடையதுபோல் சொல்ல அவர் மனம் ஒப்பவில்லை. 1924-இன் முற்பகுதியில் சாகா டாக்காவிற்கு வந்து அவருடன் தங்கினார். பௌலி எழுதியதும், ஐன்ஸ்டீனும் எரென்பெஸ்டும் சேர்ந்து எழுதியதுமாகிய அண்மைக் கட்டுரைகளை நண்பரின் கவனத்திற்குக் கொண்டுவந்தார். போஸின் சிந்தனை மேலும் கூர்மையடைந்தது.

நான்கு பக்கங்கள்

போஸ் கண்ட வழி இதுதான். அலைகளையே மறந்துவிடுவோம். பெட்டிக்குள் இருப்பது ஒளித்துகள்களால் ஆகிய ஒருவகை வாயு என்று கொள்வோம். ஒவ்வொரு துகளுக்கும் சக்தி உண்டு; உந்தமும் உண்டு. ஒரு துகளின் நிலையைச் சொல்ல, இடத்திற்கு மூன்று எண்களும் உந்தத்திற்கு மூன்று எண்களுமாக ஆறு எண்கள் வேண்டும். இந்த ஆறு பரிமாண வெளியைச் சிறு சிறு அறைகளாகப் பிரிப்போம். ஓர் அறையின் அளவு பிளாங்க் மாறிலியின் மும்மடி. இனி, குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்குரிய அறைகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், ஒளியின் இருவகை முனைவாக்கத்திற்காக இரண்டால் பெருக்கியபின், அலைக் கொள்கை தந்த அதே எண்ணிக்கை வந்து நிற்கிறது! அலை என்ற பேச்சே எடுக்காமல் முதற்பகுதி கிடைத்துவிட்டது. கடன் தீர்ந்தது.

அடுத்தது, அறைகளில் துகள்களைப் பங்கிடுவது. இங்கேதான் பெரும்புதுமை ஒளிந்திருந்தது. கண்ணன், முருகன் என்னும் இரு மாணவர்களை விடுதியின் இரண்டு அறைகளில் எத்தனை விதமாகத் தங்கவைக்கலாம்? இருவரும் முதல் அறையில். இருவரும் இரண்டாம் அறையில். கண்ணன் இங்கே, முருகன் அங்கே. முருகன் இங்கே, கண்ணன் அங்கே. ஆக, நான்கு விதம். ஆனால் இரண்டு ரூபாயை இரண்டு வங்கிக் கணக்குகளில் எத்தனை விதமாகப் போடலாம்? இரண்டும் முதற் கணக்கில், இரண்டும் மற்றதில், ஆளுக்கொரு ரூபாய்: மூன்றே விதம். எந்த ரூபாய் எந்தக் கணக்கில் உள்ளது என்று எவரும் கேட்பதில்லை. அக்கேள்விக்குப் பொருளே இல்லை. போல்ட்ஸ்மன் வாயு மூலக்கூறுகளை எண்ணியது கண்ணனையும் முருகனையும் எண்ணுவது போன்றது. போஸ் ஒளித்துகள்களை எண்ணியது ரூபாயை எண்ணுவது போன்றது. எந்தத் துகள் எந்த அறையில் என்று அவர் கேட்கவில்லை. ஒன்றும் இல்லாத அறைகள் எத்தனை, ஒரு துகள் உள்ளவை எத்தனை, இரண்டு உள்ளவை எத்தனை என்றே கேட்டார். அப்படி எண்ணியதும் பிளாங்கின் சூத்திரம் முழுமையாக, முரண்பாடு சிறிதும் இன்றி வெளிப்பட்டது.

இதன் விளைவை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். நான்கு விதங்களுள் இருவரும் ஓரறையில் கூடியிருப்பவை இரண்டு, அதாவது பாதி. மூன்று விதங்களுள் இரண்டும் ஒன்றாயிருப்பவையும் இரண்டு. அதாவது மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே, இத்தகைய துகள்கள் தனித்திருப்பதைக் காட்டிலும் கூடியிருப்பதையே மிகுதியும் நாடுகின்றன. லேசர்க் கருவியின் ஒளிக்கற்றையில் எண்ணிறந்த ஒளித்துகள்கள் ஒரே நிலையில் அணிவகுப்பதற்கு அடிப்படையும் இவ்வியல்பே.

கரும்பலகையில் போஸ் தவறிப்போய்ச் செய்த ஒரு கணக்கே கண்டுபிடிப்பாக மாறியது என்று ஒரு கதை உலவுகிறது. சுவையான கதைதான், ஆனால் அதனை நம்புவது அவருக்கு நாம் செய்யும் நீதியாகாது. அவருடைய கட்டுரையின் தொடக்கமே, அதுவரை வந்த நிறுவல்கள் எவையும் தருக்க முறையில் நிறைவு தரவில்லை என்று எடுத்துரைக்கிறது. எது இடறியது என்று அறிந்து, அதனை நீக்குவதற்கென்றே எழுதப்பட்ட கட்டுரை அது. போல்ட்ஸ்மனின் எண்ணும் முறையிலிருந்து தாம் எவ்வளவு தூரம் விலகி வந்துவிட்டோம் என்பதை அப்போது தாம் முழுமையாக உணரவில்லை என்று பிற்காலத்தில் அவரே ஒளிவின்றிக் கூறியதுண்டு. ஒரு குழப்பத்தை நேர்மையாகத் தீர்க்கப் புறப்பட்டவர், தாம் எதிர்பாராத ஒரு புதிய நாட்டிற்கே வந்து சேர்ந்துவிட்டார்.

1924-ஆம் ஆண்டு ஜூன் 4-ஆம் நாள், கட்டுரையை ஒரு கடிதத்துடன் ஐன்ஸ்டீனுக்கு அனுப்பினார் போஸ். அப்போது அவருக்கு வயது முப்பது. டாக்டர் பட்டம் இல்லை. ஐரோப்பாவில் அவரை அறிந்தவர் இல்லை. தக்கதாகத் தோன்றினால் ஜெர்மனில் மொழிபெயர்த்துப் பௌதிகச் சஞ்சிகையில் வெளியிட உதவுமாறு வேண்டிக்கொண்டார். உலகப் புகழ் பெற்றிருந்த ஐன்ஸ்டீன், முன்பின் அறியாத ஓர் இந்திய இளைஞரின் கட்டுரையைத் தம் கையாலேயே மொழிபெயர்த்து, இது முக்கியமான முன்னேற்றம் என்ற தம் குறிப்பையும் சேர்த்து அனுப்பினார். ஜூலை 2-ஆம் நாள் அது சஞ்சிகைக்குக் கிட்டியது. அச்சில் நான்கே பக்கம். அதே முறையை அணுக்களாலான வாயுவுக்கும் பொருத்தி, ஜூலை 10-ஆம் நாளே பிரஷ்ய விஞ்ஞானக் கழகத்தில் ஐன்ஸ்டீன் தம் கட்டுரையைப் படைத்தார். அதன் தொடர்ச்சியாக 1925-இல் வெளிவந்த கட்டுரையில், மிகத் தாழ்ந்த உஷ்ணநிலையில் அணுக்கள் திரளாக ஒரே நிலையில் சென்று ஒடுங்கும் என்றும் கூறினார்.

போஸ் அடுத்து அனுப்பிய இரண்டாம் கட்டுரையை ஐன்ஸ்டீன் ஏற்கவில்லை. அதனையும் மொழிபெயர்த்து வெளியிட்டார். ஆனால் தம் மறுப்பையும் உடன் சேர்த்தார். முதலதைப் பாராட்டியது முகத்துக்காக அன்று என்பது இதனாலேயே தெளிவாகும்.

கடல் கடந்து

ஐன்ஸ்டீன் அனுப்பிய அஞ்சலட்டை டாக்காவில் செய்த வேலை பெரிது. அதுவரை இழுபறியாக இருந்த இரண்டாண்டுப் படிப்பு விடுமுறை உடனே கிடைத்தது. 1924 அக்டோபரில் போஸ் பாரிஸ் சேர்ந்தார். மேரி கியூரி அம்மையாரைக் கண்டபோது, அவர் ஆங்கிலத்தில் அன்போடு பேசி, முதலில் பிரெஞ்சு மொழியைக் கற்று வருமாறு அறிவுரை கூறினாராம். தமக்குப் பிரெஞ்சு முன்பே தெரியும் என்று சொல்லக் கூச்சப்பட்டு, போஸ் பேசாமல் திரும்பிவிட்டார். பின்வரிசையில் வாய் திறவாது அமரும் நம் நண்பர்கள் இதைப் படித்துச் சற்றே ஆறுதல் கொள்ளலாம்!

1925 அக்டோபரில் பெர்லின் சென்று ஐன்ஸ்டீனை நேரில் கண்டார். ஹைசன்பர்க்கின் புதிய குவாண்டம் இயக்கவியல் அப்போதுதான் பிறந்திருந்தது. சில திங்களில் ஷ்ரோடிங்கரின் அலைச் சமன்பாடும் வந்தது. அந்தக் கொந்தளிப்பை அருகிருந்து கண்டு, 1926-இல் தாயகம் திரும்பினார். டாக்காவில் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தபோது டாக்டர் பட்டம் இல்லாமை குறுக்கே நின்றது. ஐன்ஸ்டீனின் பரிந்துரையும் இருந்தது. எனினும் பதவி முதலில் தேவேந்திரமோகன் போஸுக்கே அளிக்கப்பட்டது. அவர் மறுத்தபின் 1927-இல் சத்யேந்திரர் பேராசிரியரானார். டாக்டர் பட்டத்தை அவர் பிறகும் பெறவில்லை.

அவர் தலைமையில் இருந்த அத்துறைக்கு 1928-இன் இறுதியில் ரீடராக வந்தவர் நம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். ராமனோடு கல்கத்தாவில் ஆராய்ந்த அவர், 1933 வரை டாக்காவில் தங்கிப் படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராய்ந்து புகழ் பெற்றார். தாமிரபரணிப் பக்கத்துச் சீமையிலிருந்து பத்மா நதிக்கரைப் பக்கம் சென்று வாழ்ந்த தமிழர் ஒருவர், போஸின் அண்டையில் இருந்தார் என்பது வெளியூர் வந்து படிக்கும் நமக்கு இனிய செய்தி.

தாய்மொழியில் விஞ்ஞானம்

போஸ் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் மிகச் சில. பதவிக்காகவும் பெயருக்காகவும் எழுதிக் குவிக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. இசையில் திளைப்பார், எஸ்ராஜ் என்னும் நரம்புக் கருவியை நன்கு வாசிப்பார். இலக்கியம் படிப்பார். வேதியியலோ, படிகவியலோ, மாணவர் எந்த ஐயத்தோடு வந்தாலும் உடன் அமர்ந்து சிந்திப்பார். கவி தாகூர் 1937-இல் விஞ்ஞானத்தை எளிய வங்க மொழியில் விளக்கி விசுவ பரிசயம் என்னும் நூலை எழுதியபோது, அதனைப் போஸுக்கே உரிமையாக்கினார்.

1945-இல் போஸ் கல்கத்தாவிற்குத் திரும்பிப் பேராசிரியரானார். 1948-இல் வங்க விஞ்ஞானப் பரிஷத்தை நிறுவி, ஞானமும் விஞ்ஞானமும் என்று பொருள்படும் பெயரில் வங்க மொழித் திங்களிதழ் ஒன்றைத் தொடங்கினார். தாய்மொழியில் விஞ்ஞானம் முடியாது என்று சொல்பவர், ஒன்று தாய்மொழி அறியாதவர், அல்லது விஞ்ஞானம் அறியாதவர் என்பது அவர் கொண்ட உறுதி. இது வெறும் மொழிப்பற்றில் பிறந்ததன்று. ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் படித்துத் தேர்ந்தவர் அவர். அயல்மொழிச் சொற்களுக்குப் பின்னே விளங்காமை எவ்வளவு எளிதாக ஒளிந்துகொள்ளும் என்பதை அவர் அறிவார். ஆங்கிலத்தில் ஒரு வரியை ஒப்பிப்பவனுக்கு, அது தனக்கு விளங்கியதா என்ற ஐயமே எழுவதில்லை. அதையே தன் தாய்க்கு விளங்கும்படி சொல்லப் புகும்போதுதான் இடறும் இடம் தெரிகிறது.

1954-இல் பத்ம விபூஷண் விருதும், 1958-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் பதவியும் அவரை அடைந்தன. விசுவபாரதியின் துணைவேந்தராகவும், பின்னர் தேசியப் பேராசிரியராகவும் விளங்கினார். நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. ஆனால் உலகிலுள்ள அடிப்படைத் துகள்களை இரு பெருங்குடும்பங்களாகப் பிரித்த விஞ்ஞானிகள், ஒன்றுக்குப் பெர்மியின் பெயரையும் மற்றதற்குப் போஸின் பெயரையும் இட்டனர். போசான் என்ற அப்பெயரை வழங்கியவர் டிராக். 1974-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள், எண்பது வயது நிரம்பிய போஸ் கல்கத்தாவில் காலமானார்.

அவர் மறைந்து இருபத்தோராண்டு கழிந்தபின், 1995-இல், அமெரிக்காவின் போல்டர் நகரில் கார்னலும் வீமனும் ரூபிடியம் அணுக்களை, தனிச்சுழி உஷ்ணநிலைக்கு மேல் ஒரு டிகிரியின் நூறு கோடியில் ஏறத்தாழ 170 பங்கு அளவிற்குக் குளிரவைத்தனர். ஏறக்குறைய இரண்டாயிரம் அணுக்கள் ஒரே நிலையில் சென்று ஒடுங்கின. டாக்காவில் ஓர் ஆசிரியர் துகள்களுக்குப் பெயரிடாமல் எண்ணியதன் விளைவு, எழுபத்தோராண்டு கழித்துக் கண்ணுக்குத் தெரிந்தது. அவ்விருவரும், சோடியம் அணுக்களில் அதையே செய்த கெட்டர்லேயும் 2001-இல் நோபல் பரிசு பெற்றனர்.

நமக்கு

நண்பர்களே, விளங்காமை இரு வகைப்படும். ஒன்று, படியாததால் வருவது. அதற்கு மருந்து படிப்பதே. மற்றொன்று, படித்தபின் வருவது. இரண்டாவது வகை வந்தவுடன் அதையும் முதல் வகை என்று எண்ணி நாம் வெட்கப்படுகிறோம், மறைக்கிறோம், முடிவில் துறையையே விட்டுப் போகிறோம். நாம் போஸ் அல்லோம். நம் ஐயங்களெல்லாம் கண்டுபிடிப்பாக மாறிவிடப் போவதுமில்லை. எனினும் அவர் கையாண்ட முறை எவருக்கும் உரியது. குவாண்டமே விளங்கவில்லை என்று பொதுவாகப் புலம்புவதை விட்டு, எந்த வரி வரையில் விளங்கியது, எந்த வரியில் விளங்காமற் போயிற்று என்று குறித்துக்கொள்வோம். அந்த வரியைத் தமிழில் ஒரு நண்பனுக்குச் சொல்லிப் பார்ப்போம். அப்போதும் விளங்காவிட்டால், அவ்வரியையே எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் செல்வோம். பாதி ஐயங்கள் சொல்லும்போதே தீர்ந்துவிடும். மீதியில் ஆசிரியரே சற்று நின்று யோசிப்பதை நீங்கள் காண்பீர்கள்.

போஸின் நான்கு பக்கக் கட்டுரை ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. எம்.எஸ்ஸி. முதலாண்டுக் கணிதத்திற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. வரும் விடுமுறையில் பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு, சங்கத்தின் படிப்பறையில் இருவர் மூவராக அமர்ந்து, அதனை வரி வரியாகத் தமிழில் சொல்லிப் பார்க்கலாம். ஒரு மாலைப்பொழுதில் முடியாவிட்டாலும் இரண்டு மாலைப்பொழுதில் முடிந்துவிடும்.